பக்கத்துப் பள்ளியா, சார்ட்டர் பள்ளியா? ஃபீனிக்ஸிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர். அரிசோனா மாநிலத்தில், எங்கள் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, மனைவியோடும் நாலரை வயது மகளோடும் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. காப்பி ஆறுவதற்குள் கைபேசியை எடுத்து இரண்டு வாடகை வீடுகளைக் காட்டினார். "அண்ணா, இந்த வீட்டிலிருந்து பொதுப் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். அந்த வீடு சார்ட்டர் பள்ளிக்குப் பக்கம். எதை எடுக்கட்டும்?"

இரண்டாவது வீட்டுக்கு மாதம் 200 டாலர் அதிகம். பள்ளியின் வாசல் தெரிகிற தூரம் என்பதற்காகவே அதைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அந்தப் பள்ளியின் சுவரை ஒட்டிக் குடியிருந்தாலும் இடம் உறுதியில்லை என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். ஏற்கெனவே அங்கே அண்ணனோ அக்காவோ படித்தால் முன்னுரிமை உண்டு. மற்றவர்களுக்கு அதிர்ஷ்டம் விட்ட வழி. நடந்து போகிற பொதுப் பள்ளி அப்படியல்ல. இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும். பருவத்தின் நடுவில் வந்தாலும், குழந்தைக்கு ஆங்கிலமே தெரியாவிட்டாலும், அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டு வகைப் பள்ளிக்கும் உள்ள மற்ற வேறுபாடுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து முளைத்தவை.

நம் ஆட்களுக்குக் குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்தால் அது கட்டணம் வாங்குகிற தனியார் பள்ளி. இங்கே அது அசல் அரசுப் பள்ளி. சார்ட்டர் என்றதும் தனி விமானம் பிடித்துப் போவதைப் போல, காசுள்ளவர்களுக்கான ஏற்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். சார்ட்டர் பள்ளியும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது. மதபோதனையும் கூடாது. ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டர் பள்ளியைத் திறக்கப் பார்த்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்து நின்றதால், கூடாது என்ற மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பே நிலைத்தது.

நம் ஊரில் இதற்கு நெருங்கிய உறவு, அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் தனியார், பணம் அரசுடையது. ஆனால் உதவி பெறும் பள்ளிக்கு அரசு ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்கிறது. சார்ட்டரில் பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கு. பிள்ளை வந்தால் பணம் வரும், விலகினால் பணமும் விலகும். அதோடு, சார்ட்டர் என்பதே ஒரு உரிமைப் பத்திரம். இன்ன பாடம், இன்ன தேர்ச்சி, இத்தனை ஆண்டு என்று எழுதிக்கொடுத்துப் பள்ளி நடத்தும் உரிமையை வாங்குகிறார்கள். அரிசோனாவில் முதல் பத்திரம் 15 ஆண்டுக்கு. புதுப்பித்தால் 20 ஆண்டுக்கு. எழுதியபடி நடக்காவிட்டால் பிடுங்கிக்கொள்ளலாம்.

இந்த யோசனையை நாடு முழுக்கப் பேசவைத்தவர் ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. 1988இல் ஆல்பர்ட் ஷாங்கர் சொன்னது இதுதான்: ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து சிறிய பள்ளி ஒன்றைத் தங்கள் விருப்பப்படி நடத்திப் பார்க்கட்டும், பலித்ததை மற்ற பொதுப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளட்டும். 1991இல் மினசோட்டா சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. சோதனைக்கூடம் என்று நினைத்தது எதிர்க்கடையாக மாறுவதைப் பார்த்துச் சில ஆண்டுகளிலேயே ஷாங்கர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். இப்போது நாடெங்கும் ஏறத்தாழ 37 லட்சம் பிள்ளைகள் சார்ட்டர் பள்ளிகளில் படிக்கிறார்கள். அரிசோனா 1994இல் கதவைத் திறந்தது, அகலமாகவே திறந்தது. இங்கே அரசுப் பணத்தில் படிக்கிற பிள்ளைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் சார்ட்டரில் இருக்கிறார்.

எது நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மரிக்கோப்பா பிள்ளையார் கோயிலில் பிரசாத வரிசையில் நின்று கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்புக் கிடைக்கும். ஆராய்ச்சியாளர்களும் முப்பது ஆண்டுகளாக இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். கையில் கொஞ்சம் எண்கள் இருப்பது மட்டும்தான் வித்தியாசம். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் பக்கத்துப் பள்ளிகளை மிஞ்சின. 37 சதவீதம் பின்தங்கின. மிச்சத்தில் வித்தியாசமே தெரியவில்லை. சார்ட்டர் எதிர்ப்பாளர்கள் இந்த ஆய்வைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதே மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் சராசரி திரும்பியிருந்தது. சார்ட்டர் பிள்ளைகள் ஓராண்டில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகக் கற்றதற்கு இணையான முன்னேற்றம். இந்த முறை ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள்.

180 நாள் கொண்ட பள்ளி ஆண்டில் ஆறு நாள் என்பது ஒரு காய்ச்சலும் ஒரு நீண்ட வார இறுதியும்தான். அதை வைத்து யாரும் வீடு மாற வேண்டாம்.

சராசரியை உடைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. மாத்தமாட்டிகா நிறுவனம் 15 மாநிலங்களில் 36 சார்ட்டர் நடுநிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். அதனால்தான் இந்த ஆய்வை நான் நம்புகிறேன். இரண்டு தரப்புமே விண்ணப்பம் போட்ட, அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள். பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமே. மொத்தமாகப் பார்த்தால் மதிப்பெண்ணில் வித்தியாசமில்லை. ஏழைப் பிள்ளைகளும் பின்தங்கியவர்களும் நிறைந்த பள்ளிகளில் கணிதம் ஏறியிருந்தது. வசதியான, முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் இறங்கியிருந்தது. மாசசூசெட்ஸில் செய்த குலுக்கல் ஆய்வுகளும் இதையே சொல்லின. பாஸ்டன் போன்ற நகரத்துச் சார்ட்டர்களில் பெரிய பலன்; புறநகர்ச் சார்ட்டர்களில் பலனில்லை, சிலவற்றில் நட்டம்.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. நகரத்தின் நலிந்த பகுதியில் இருக்கிற பிள்ளை சார்ட்டருக்குப் போகும்போது, விட்டுவிட்டுப் போகிற பள்ளி மோசமானது. புறநகர்ப் பிள்ளை விட்டுவிட்டுப் போவது ஏற்கெனவே நல்ல பள்ளி. சார்ட்டர் நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், எதைவிட நல்லதா என்று கேட்க வேண்டும். நம் ஆட்கள் இந்த ஊரில் வீடு தேடும்போதே பள்ளி மாவட்டத்தைப் பார்த்துத் தேடுகிறார்கள். ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்துகிற உள்ளூர் அமைப்புக்கு இங்கே அதுதான் பெயர். நல்ல மாவட்டத்துக்கென்று கூடுதல் வாடகையும் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு, அந்தப் பள்ளியில் சேர்க்காமல் பத்து மைல் தள்ளிச் சார்ட்டர் தேடுகிறார்கள்! ஒரே சரக்குக்கு இரண்டு முறை விலை கொடுப்பது இதுதான்.

அந்த 2010 ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. குலுக்கலில் வென்ற பெற்றோர் பள்ளியைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். மதிப்பெண் கூடவில்லை, திருப்தி கூடியிருக்கிறது. கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அந்தத் திருப்தியை அனுபவித்தவன்தான்.

என் மகள் ஆறாம் வகுப்புக்குச் சார்ட்டர் பள்ளிக்குப் போனாள். அங்கே ஆறாம் வகுப்பிலேயே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனிப் பாடம், தனித்தனி ஆசிரியர். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும், ஊரில் நான் படித்த காலத்து நேரப்பட்டியலைத் திரும்பப் பார்த்ததுபோல ஒரு நெகிழ்ச்சி வந்தது. வேதியியல் ஆசிரியர் முன்பு மருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவர். அரிசோனாவில் சார்ட்டர் ஆசிரியர்களுக்கு அது கட்டாயமில்லை. பாடத்தை அவர் அளவுக்கு அறிந்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பருவம் ஆயிற்று. அதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பக்கத்துப் பள்ளியில் மகனுக்கு வாய்த்த மூன்றாம் வகுப்பு ஆசிரியை இதற்கு நேர்மாறு. பிள்ளை பென்சிலைப் பிடிக்கிற விதத்தை வைத்தே அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

இந்த மாநிலத்தில் கடுமையான படிப்புக்குப் பேர்போனவை பேசிஸ் பள்ளிகள். பொருளாதாரம் படித்த மைக்கேல் பிளாக், ஓல்கா பிளாக் தம்பதி 1998இல் டூசான் நகரில் தொடங்கியது. நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களில் முன்வரிசையில் ஆண்டுதோறும் இந்தப் பெயர் இருக்கும். பட்டியலைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர், பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர்? இப்படிப்பட்ட பள்ளிகளில் கடைசி வகுப்புவரை நிற்பவர்கள் நுழைந்தவர்களைவிட மிகவும் குறைவு. யாரையும் வெளியே தள்ளுவதில்லை. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் தாங்களாகவே பக்கத்துப் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் போன பிறகு எஞ்சியவர்களின் சராசரிதான் பட்டியலில் வருகிறது. பக்கத்துப் பள்ளி அந்தத் திரும்பி வந்தவர்களையும் சேர்த்துச் சராசரி காட்ட வேண்டும். உங்கள் பிள்ளை நிற்கிற ரகம் என்றால் இது குறையே அல்ல, அவளுக்கு ஏற்ற கூட்டம் கிடைக்கிறது. நிற்பாளா என்பதைப் பெற்றோரின் ஆசையை வைத்துச் சொல்ல முடியாது. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இனி, பள்ளி அறிமுகக் கூட்டத்தில் யாரும் பேசாத விஷயம்: பஸ். பக்கத்துப் பள்ளிக்கு மஞ்சள் பஸ் உண்டு, அல்லது நடை. இங்குள்ள சார்ட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு பஸ் இல்லை. உள்ளூர்ச் சொத்து வரியில் பங்கு கேட்கும் உரிமை அவற்றுக்கு இல்லாததால் கட்டடத்துக்கே திண்டாட்டம். கடைகள் இருந்த வளாகத்திலும் பழைய அலுவலகத்திலும் பள்ளி நடக்கும். விளையாட்டு மைதானம் என்பது வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு போட்டதாக இருக்கும். மகளின் பள்ளி வரிசை ஒரு மருந்துக்கடையின் பின்பக்கம் தொடங்கி, டயர் கடையைச் சுற்றிக்கொண்டு, முக்கியச் சாலைவரை நீளும். ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணி, வெளியே 43 டிகிரி. கண்ணாடியில் எண் எழுதிய மஞ்சள் அட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்போம். ஓர் ஆசிரியர் குடையோடு நின்று வாக்கிடாக்கியில் எண்களைக் கூப்பிடுவார். எங்கள் எண் 217. இஞ்சினை அணைத்தால் வெந்துபோவோம், அணைக்காவிட்டால் பெட்ரோல் போகும். டயர் கடைக்காரர் தன் வாசலை மறைக்கிறோம் என்று ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கிவைத்துவிட்டு, எங்களைப் பார்த்து நிற்பார்.

வீட்டிலிருந்து பள்ளி 11 மைல். காலையும் மாலையும் போய்வர 44 மைல். 180 நாளுக்கு 7,920 மைல். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் ஒன்பது முறை போய்வந்திருக்கலாம். மனைவி அலுவலக நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டார். கட்டணமில்லாத பள்ளி என்ற பேச்சுக்கு அடியில் இந்தக் கணக்கும் கிடக்கிறது. சில சார்ட்டர்களில் ஆசிரியர் ஊக்கத்தொகைக்கென்று பெற்றோரிடம் நன்கொடையும் கேட்பார்கள். கட்டாயமில்லை என்றுதான் கடிதம் சொல்லும்; நினைவூட்டுகிற கடிதமும் அதையே சொல்லும். மழலை வகுப்புக்கு அரிசோனா அரசு அரைநாளுக்கு மட்டுமே பணம் தருகிறது. பல பள்ளி மாவட்டங்கள் மீதி நேரத்தைத் தங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்கின்றன; சில சார்ட்டர்களில் அந்த மதிய நேரத்துக்குக் கட்டணம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மகனின் கதை வேறு. அவனுக்குப் பேச்சு திக்கும். மகள் படிக்கிற பள்ளி என்பதால் அவனுக்கு முன்னுரிமை இருந்தது. குலுக்கல் கவலை இல்லை. சேர்ப்பதற்கு முன்னால் பேசலாம் என்று போயிருந்தேன். அலுவலகத்தில் இருந்த அம்மையார் மிகவும் கனிவானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவனுடைய அறிக்கையை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு, "தாராளமாகச் சேர்க்கலாம். பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்கு வாரம் ஒரு நாள் வெளியிலிருந்து வருகிறார். இங்கே வேகம் அதிகம். அவனுக்கு இது பொருந்துமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்றார். வேண்டாம் என்று ஒரு சொல் இல்லை. சட்டப்படி சொல்லவும் முடியாது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான 1975ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சார்ட்டரையும் கட்டுப்படுத்துகிறது. தனித் திட்டம் எழுதி, அதில் சொன்ன உதவியைத் தந்தாக வேண்டும். நான் வண்டிக்குத் திரும்பி, அவர் சொன்னதை மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கே போனேன்.

பக்கத்துப் பள்ளியில் நூலகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம். அந்த மாவட்டத்தில் பல பள்ளிகள் சேர்ந்து பயிற்சியாளர்களை வைத்துக்கொள்வதால் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் வருவார். தனித்து நிற்கிற சார்ட்டருக்கு அந்த வசதி இல்லை. 300 பிள்ளைகள் உள்ள பள்ளி எத்தனை வல்லுநர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும்? நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2012இல் எண்ணிப் பார்த்தபோது, பொதுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 11 சதவீதம், சார்ட்டர்களில் 8 சதவீதம். என்னைப் போல எத்தனை பெற்றோர் தாங்களே யோசித்துப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார்களோ.

நிர்வாகம் யார் கையில் என்பதையும் பார்க்கலாம். பள்ளி மாவட்டத்தின் வாரியத்தை ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூடுதல் வரி வேண்டுமென்றாலும் ஓட்டுக்கு விட வேண்டும். சில முறை தோற்கும். சார்ட்டரின் வாரியத்துக்குத் தேர்தல் இல்லை. கூட்டம் திறந்த கூட்டம், போய் உட்காரலாம், ஆனால் பிடிக்காதவரை மாற்ற முடியாது. பிடிக்காவிட்டால் பள்ளியை மாற்றிக்கொள் என்பதுதான் சார்ட்டரின் தத்துவம். குடியாட்சி பற்றி நான் நீட்டி முழக்கலாம். ஆனால் விசாவில் இருக்கிற நம்மில் பலருக்கு எந்த வாரியத்திலும் ஓட்டு இல்லை. அதனால் இந்த வேறுபாடு நமக்குப் பாதிதான் பொருந்தும். இருந்தாலும், மாவட்ட வாரியக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன்னால் சில நிமிடம் பேசக் குடியுரிமை வேண்டியதில்லை. ஒருமுறை தீபாவளி நாளில் தேர்வு வைக்க வேண்டாம் என்று கேட்க ஏழெட்டுக் குடும்பமாகப் போனோம். வாரியத்தில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் நம்மில் சிலருக்காவது ஓட்டு இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூடிவிட்டால்? 2018 ஜனவரியில், ஆண்டின் பாதியில், ஃபீனிக்ஸின் மேற்கே குட்இயர் ஊரில் டிஸ்கவரி கிரியேமோஸ் என்ற சார்ட்டர் பள்ளி திடீரென்று மூடியது. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி அரசுப் பணம் வாங்கியது பின்னால் வழக்காயிற்று. தலைக்கணக்கில் பணம் தருகிற முறையில் இல்லாத தலையை எண்ணுவதுதான் முதல் சபலம். அதே மாதம் ஒஹாயோவில் ஈகாட் என்ற இணையவழிச் சார்ட்டர் மூடியதில் சுமார் 12,000 பிள்ளைகள் பள்ளி தேடினார்கள். அங்கேயும் அதே நோய்: சேர்ந்ததாகக் காட்டிய பிள்ளைகள் உண்மையில் படித்தார்களா என்பதற்குச் சான்று இல்லை. இணையவழிச் சார்ட்டர் பற்றி எனக்கு இரண்டு மனம் இல்லை. மேலே சொன்ன 2023 அறிக்கையிலேயே அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் 58 நாளும் கணிதத்தில் 124 நாளும் பின்தங்கியிருந்தார்கள். வேண்டாம்.

பக்கத்துப் பள்ளி மூடாது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பிறப்பு குறைவு, வீட்டு விலை, சார்ட்டர், போதாததற்கு 2022இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட அரசு உதவித்தொகையில் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள். தெற்கு ஃபீனிக்ஸில் ரூஸ்வெல்ட் பள்ளி மாவட்டம் 2024 டிசம்பரில் ஐந்து பள்ளிகளை மூட முடிவெடுத்தது. கூட்டத்தில் பெற்றோர் அழுதார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. மாவட்டம் ஒரு பள்ளியை மூடினால் உங்கள் பிள்ளைக்கு இன்னொரு பள்ளியை அதுவே காட்ட வேண்டும். சார்ட்டர் மூடினால் கதவில் ஒட்டிய கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே தேட வேண்டும். அப்போதும் கடைசியில் போய் நிற்பது பக்கத்துப் பள்ளியின் வாசலில்தான்.

சார்ட்டரால் பக்கத்துப் பள்ளிகளுக்கு நன்மையே இல்லையா என்றால், எங்கள் ஊரில் உண்டு. பிள்ளைகள் போவதைப் பார்த்துச் சாண்ட்லர் மாவட்டம் சும்மா இருக்கவில்லை. ஒழுங்கும் அடிப்படைப் பாடமும் முன்னிறுத்துகிற டிரடிஷனல் அகாடமி பள்ளிகளை நடத்துகிறது. கடினமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அரிசோனா காலேஜ் பிரெப் என்ற உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இரண்டும் மாவட்டப் பள்ளிகள். பள்ளியிலேயே கல்லூரி அளவுக்குப் படிக்கிற ஏபி பாடங்கள், வாத்தியக்குழு, நீச்சல் எல்லாம் கிடைக்கும். வேறு மாவட்டத்துப் பள்ளியிலும் இடமிருந்தால் சேரலாம் என்ற சட்டமும் 1994இலிருந்து இருக்கிறது. சார்ட்டரா பக்கத்துப் பள்ளியா என்று இரண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த மூன்றாவது வாசலைக் கவனிப்பதில்லை.

ஒரு நகரம் முழுக்கவே சார்ட்டரானால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸ் இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அங்கே பழைய ஆசிரியர்களை மொத்தமாக வேலைநீக்கம் செய்து, பள்ளிகளை ஒவ்வொன்றாகச் சார்ட்டருக்கு மாற்றினார்கள். மதிப்பெண்ணும் தேர்ச்சியும் உயர்ந்தது உண்மை. முன்பிருந்த நிலை அவ்வளவு மோசம். பக்கத்துத் தெருப் பள்ளி என்ற ஒன்று இல்லாமல் போனதும் உண்மை. 2024இல் அந்த நகரத்தின் பள்ளி வாரியம் தானே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றை லியா சேஸ் என்ற புகழ்பெற்ற சமையல் கலைஞரின் பெயரில் மறுபடி திறந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், நல்ல பள்ளி மாவட்டத்தில் இருக்கிறவர்கள் பக்கத்துப் பள்ளியிலிருந்தே தொடங்குங்கள். விட்டுப் போக ஒரு குறிப்பான காரணம் வரட்டும்: கணிதத்தில் இரண்டு வகுப்பு முன்னால் ஓடுகிறாள், பெரிய கூட்டத்தில் தொலைந்துபோகிறான், இப்படி ஏதாவது. 'எல்லாரும் போகிறார்கள்' அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்துப் பள்ளி உண்மையிலேயே மோசமாக இருக்கிற இடத்தில் இருந்தால், நல்ல சார்ட்டர் எது என்று விசாரித்து, ஒன்றுக்கு நாலு குலுக்கலில் பெயரைப் போடுங்கள். அங்கேதான் சார்ட்டரின் பலன் மெய்யானது. பிள்ளைக்குத் தனி உதவி தேவையென்றால், அந்த உதவியைச் செய்கிறவரை நேரில் பார்க்காமல் எந்தப் பள்ளியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மகளை எட்டாம் வகுப்போடு அந்தச் சார்ட்டரிலிருந்து எடுத்துவிட்டோம். அவளுக்குப் படிப்பு பிடித்தே இருந்தது. கூடைப்பந்து ஆட இடம் வேண்டும் என்றாள்.

தம்பியிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. சொன்னதில் பாதிக்கு மேல் அவர் மனம் தரவரிசைப் பட்டியலிலேயே இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மதியம் மூன்று மணிக்கு யார் போய் அழைத்துவருவார்கள்?"

"நான் ஷிப்டில் இருப்பேன்" என்றபடி மனைவியைப் பார்த்தார். அவர் இன்னும் ஓட்டுநர் உரிமம் வாங்கவில்லை. அதுவரை வாய் திறக்காதவர், மகளின் வாயில் ஒட்டியிருந்த முறுக்குத் துணுக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முதல் வீடு என்றால் நானே நடந்து போய்க் கூட்டிவந்துவிடுவேன், அண்ணா. வழியில் ஒரு பூங்காகூட இருக்கிறது."

அந்த வீட்டுக்கே முன்பணம் கொடுத்துவிட்டார்கள். சார்ட்டர் குலுக்கலிலும் பெயர் போட்டிருக்கிறார்களாம். காத்திருப்போர் பட்டியலில் 61ஆவது இடம்.